கத்தரிக்கோலால் எடுத்த திரைப்படம்

ஒரு கடதாசி நாய் கிணற்றடிக்கு நடந்து வந்து சேர எங்களுக்கு இரண்டு பிற்பகல்கள் பிடித்தன. திரையில் அது நடந்தது 6 செக்கன்கள் மாத்திரமே. அந்த 6 செக்கன்களுக்காக நாங்கள் எடுத்த புகைப்படங்கள் 72. முதல் நாள் எடுத்த 40 படங்களை அழித்துவிட்டு மீண்டும் எடுக்க நேர்ந்தது தனிக்கதை. அதனைப் பின்னர் கூறுகிறேன்.

எமது கல்லூரிக் கண்காட்சிக்காக உயர்தர மாணவியர் நால்வர் சேர்ந்து 40 செக்கன் நீளமான குறும்படமொன்றைத் தயாரித்தோம். அதனைப் பார்க்க வந்த தங்கைகள் பலரும் கேட்ட கேள்வி, "இது எப்படி ராத்தா அசையுது?" என்பதுதான். அடுத்தவர்கள் வரிசையில் காத்து நின்றதால் எவருக்கும் ஒழுங்காகப் பதில் கூற முடியவில்லை. அன்று கூறாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அசையாத படங்களில் அசைவு

திரைப்படம் என்று நாம் அழைப்பது உண்மையில் அசையாத படங்களின் ஒரு நீண்ட வரிசையாகும். ஒரு செக்கனுக்கு 24 படங்கள் நம் கண்முன்னே ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சிறிய வேறுபாடு மாத்திரம் இருக்கும்போது, நமது கண்ணும் மூளையும் அவற்றைத் தனித்தனிப் படங்களாகக் கருதுவதில்லை. தொடர்ச்சியான ஓர் அசைவாகவே எடுத்துக்கொள்கின்றன.

சாதாரணமாகப் படம் பிடிக்கும்போது அசைவு ஏற்கனவே உலகில் இருக்கிறது. ஒரு பிள்ளை ஓடுகிறாள். கெமரா அந்த ஓட்டத்தை ஒரு செக்கனுக்கு 24 துண்டுகளாக வெட்டி எடுத்துக்கொள்கிறது. ஸ்டொப் மோஷன் முறையிலோ வெட்டி எடுப்பதற்கு அசைவே கிடையாது. அசையாத பொருளொன்றை வைத்து ஒரு படம் எடுக்கிறோம். கெமராவை நிறுத்துகிறோம். பொருளைக் கையால் மிகச் சிறிதளவு நகர்த்துகிறோம். கையை விலக்கிக்கொண்டு அடுத்த படத்தை எடுக்கிறோம். மீண்டும் நகர்த்துகிறோம். இவ்வாறு எடுத்த படங்களை வேகமாக ஓடவிட்டால், உலகில் ஒருபோதும் நிகழாத ஓர் அசைவு திரையில் நிகழ்கிறது.

இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு செக்கனுக்கு 24 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1440 படங்கள். ஒரு படம் எடுக்க ஒரு நிமிடம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் உள்ள நிமிடங்களும் 1440 தான். எனவே ஒரு நிமிடப் படத்துக்கு இரவு பகலாக முழுமையான ஒரு நாள் உழைக்க வேண்டும். இதனால் பலர் ஒவ்வொரு நிலையையும் இரண்டு தடவை பதிவு செய்வார்கள். அப்போது ஒரு செக்கனுக்கு 12 நிலைகள் போதும். அசைவு சற்றுக் குறுகுறுவென்று இருந்தாலும் கண் அதனை ஏற்றுக்கொள்கிறது. நாங்களும் 12 என்ற கணக்கையே பின்பற்றினோம். 40 செக்கனுக்கு 480 படங்கள்.

வண்டுகளிலிருந்து குரங்கு வரை

இக்கலையின் ஆரம்ப காலத்தில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் என்பவர் இன்றைய லிதுவேனியாவிலுள்ள கௌனாஸ் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமொன்றில் பணியாற்றியவர். 1910 ஆம் ஆண்டளவில், கலைமான் கொம்பு போன்ற தாடைகளைக் கொண்ட இரண்டு வண்டுகள் சண்டையிடுவதைப் படம் பிடிக்க முயன்றார். அவை இரவில் நடமாடும் வண்டுகள். படப்பிடிப்புக்காக விளக்கை ஏற்றினால் அசையாமல் இருந்துவிடும். எனவே அவர் இறந்த வண்டுகளை எடுத்து, கால்களைக் கம்பியாலும் மெழுகாலும் பொருத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்திச் சண்டையிட வைத்தார். உயிருள்ளவை செய்ய மறுத்ததை உயிரற்றவை செய்தன.

அமெரிக்காவில் வில்லிஸ் ஒபிரையன் 1933 இல் வெளியான 'கிங் கொங்' படத்தில் ஏறத்தாழ 18 அங்குல உயரமான பொம்மைக் குரங்கைக் கட்டிடத்தின் மீது ஏற வைத்தார். உள்ளே உலோக எலும்புக்கூடும், அதன் மூட்டுகளில் சுழலும் குண்டுகளும் இருந்தன. வெளியே முயல் தோல். அந்தக் குரங்கின் உரோமம் படம் முழுவதும் காற்றடித்தாற்போல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். காரணம் காற்று அன்று. ஒவ்வொரு படத்துக்கும் பொம்மையைத் தொட்ட விரல்களின் தடமே அது.

அப்படத்தைச் சிறுவனாகத் திரையரங்கில் பார்த்து வியந்தவர் ரே ஹரிஹவுஸன். அவர் வளர்ந்து, 1958 இல் சிந்துபாத்தின் ஏழாவது பயணத்தைப் பற்றிய படத்துக்குப் பூதங்களையும் எலும்புக்கூட்டையும் அசைத்தார். கதைகளில் சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் வந்து சேரும் ஸரந்தீப் நமது நாடுதான் என்பதை வாசகியர் அறிவர். 1963 இல் வெளியான 'ஜேசன்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மனிதர்களோடு வாட்போர் புரியும் காட்சிக்கு அவர் நான்கு மாதங்களுக்கும் மேலாக உழைத்தார். திரையில் அது சில நிமிடங்களே.

நம் வீடுகளில் சிறுவர்கள் பார்க்கும் 'ஷோன்' என்ற ஆட்டின் படங்களும் இம்முறையில் எடுக்கப்பட்டவையே. அவற்றைத் தயாரிப்பது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள ஆர்ட்மன் நிறுவனம். 2005 ஒக்டோபரில் அந்நிறுவனத்தின் களஞ்சியம் தீப்பற்றி, பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பொம்மைகளும் காட்சியமைப்புகளும் எரிந்து போயின. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் காஷ்மீரில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. உலகில் நிகழும் ஏனைய துயரங்களோடு ஒப்பிடும்போது தமது இழப்பு பெரிதல்ல என்னும் கருத்தைப் படைப்பாளர் நிக் பார்க் அப்போது தெரிவித்தார். ஒரு பொம்மையைப் பல மாதங்கள் தொட்டுத் தொட்டு வேலை செய்த ஒருவர் அவ்வாறு கூறுவது இலகுவானதல்ல என்பதை இப்போது உணர்கிறேன்.

எங்களுக்கு வந்த தடை

நாங்கள் தெரிவு செய்த கதை அனைவரும் அறிந்தது. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தாகத்தோடு வந்த ஒரு மனிதர் கிணற்றில் இறங்கித் தண்ணீர் அருந்திவிட்டு மேலே வருகிறார். அங்கே ஒரு நாய் தாகம் தாங்காமல் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருக்கிறது. தனக்கு ஏற்பட்ட தாகம்தானே இதற்கும் ஏற்பட்டிருக்கிறது என்று எண்ணி, மீண்டும் கிணற்றில் இறங்கி, தன் காலணியில் தண்ணீரை நிரப்பி, அதனை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி நாய்க்குப் புகட்டுகிறார். அல்லாஹ் அவரை மன்னித்துவிடுகிறான்.

களிமண்ணில் மனிதரையும் நாயையும் செய்வது என்பது முதல் திட்டம். கை வேலையில் எங்களுள் மிகவும் திறமையானவள் என் தோழி ஒருத்தி. அவளுடைய உம்மா வீட்டில் தையல் வேலை செய்பவர். துணியில் கோடு போடாமலே நேராக வெட்டக் கற்றுக்கொண்டவள் அவள். திட்டத்தைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் தயங்கித் தயங்கி வந்தாள். கண், மூக்கு, வாய் வைத்த உருவங்களைத் தன் மகள் செய்வதை உம்மா விரும்பவில்லை.

எங்களுக்குச் சற்றுக் கோபம் வந்தது உண்மை. "இது வெறும் படம்தானே" என்று ஒருத்தி கூறினாள். இஸ்லாம் பாட ஆசிரியையிடம் சென்றோம். உருவங்கள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே பல கருத்துகள் இருப்பதை அவர் விளக்கினார். அவற்றை இங்கே எழுத நான் தகுதியானவள் அல்லள். இறுதியில் அவர் கூறியது மாத்திரம் நினைவில் நிற்கிறது. ஓர் உம்மாவின் மனத்தை நோகச் செய்து அந்த நல்ல கதையைச் சொல்ல வேண்டியதில்லை, வேறு வழி இருக்கிறதா என்று தேடுங்கள் என்றார்.

அந்தத் தேடலில்தான் லொட்டே ரைனிகரைக் கண்டுகொண்டோம். அவருடைய படங்களில் எவருக்கும் முகம் கிடையாது. எல்லோரும் நிழல்கள்.

பெர்லின் நகரத்துக் கத்தரிக்கோல்

லொட்டே ரைனிகர் 1899 இல் ஜேர்மனியின் பெர்லினில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே கறுப்புக் கடதாசியில் உருவங்கள் வெட்டுவதில் அபாரத் திறமை கொண்டிருந்தார். அக்காலத்தில் நிழலுருவம் வெட்டுதல் வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. எவரும் அதனைத் திரைப்படக் கலையாக எண்ணவில்லை. போல் வேகனர் என்ற இயக்குநர் 1918 இல் எலிகளை அழைத்துச் செல்லும் குழலூதியின் கதையைப் படமாக்கியபோது, உயிருள்ள பிராணிகள் சொன்னபடி நடக்கவில்லை. மர எலிகளைச் செய்து ஒவ்வொரு படமாக நகர்த்த வேண்டியதாயிற்று. அவ்வேலையில் பங்குகொண்ட இளம்பெண் ரைனிகரே. வண்டுகளின் கதை இங்கேயும் திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

1923 இல் லூயிஸ் ஹாகன் என்ற வங்கியாளர் அவரிடம் முழுநீளப் படமொன்றை எடுக்கும்படி கேட்டார். அப்போது ஜேர்மனியில் பணவீக்கம் உச்சத்தில் இருந்தது. காலையில் இருந்த பணத்தின் மதிப்பு மாலையில் இருக்காது. பணத்தைப் பணமாக வைத்திருக்க விரும்பாத அவர் பெருமளவு பிலிம் சுருள்களை வாங்கி வைத்திருந்தார். பொட்ஸ்டாம் நகரில் தமது கார்க் கொட்டிலின் மேல் மாடியை ஸ்டூடியோவாகக் கொடுத்தார். அங்கே ரைனிகரும் அவருடைய கணவர் கார்ல் கோஹும் சில கலைஞர்களும் மூன்று ஆண்டுகள் உழைத்து 1926 இல் 'இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்' படத்தை வெளியிட்டனர். அதன் நீளம் ஏறத்தாழ 65 நிமிடங்கள். செக்கனுக்கு 24 என்று கணக்கிட்டால் 93,600 படங்கள்.

வோல்ட் டிஸ்னியின் முதலாவது முழுநீள அசைவூட்டப் படமான 'ஸ்னோ வைட்' வெளியானது 1937 இல். அதற்கு 11 ஆண்டுகள் முன்னரே இப்படம் வந்துவிட்டது. இதற்கும் முற்பட்ட முழுநீளப் படங்கள் ஆர்ஜென்டீனாவில் தயாரிக்கப்பட்டாலும் அவை அழிந்து போயின. இன்று பார்க்கக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் மிகப் பழையது, 23 வயதில் வேலையைத் தொடங்கிய ஒரு பெண் கத்தரிக்கோலைக் கொண்டு எடுத்த படமாகும்.

நிழல் எவ்வாறு நடக்கிறது?

ரைனிகரின் மேசையின் மேற்பகுதி கண்ணாடியால் ஆனது. விளக்கு கீழே இருந்தது. கெமரா மேலே, கண்ணாடியை நேராகக் கீழ்நோக்கிப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருந்தது. கண்ணாடியின் மீது உருவங்களைப் படுக்க வைத்து நகர்த்துவார்கள். கீழிருந்து ஒளி வருவதால் உருவம் கரிய நிழலாகத் தெரியும். பார்ப்பவருக்கு அது எழுந்து நிற்பதுபோல் தோன்றும்.

உருவங்கள் கறுப்பு மட்டையாலும் மெல்லிய ஈயத் தகட்டாலும் செய்யப்பட்டவை. ஈயத்தின் பாரம் காரணமாக அவை வைத்த இடத்தில் தட்டையாகக் கிடக்கும். தலை, கழுத்து, உடல், மேல்கை, முன்கை, உள்ளங்கை, தொடை, கால், பாதம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டிச் சிறு கம்பிகளால் மூட்டு மூட்டாக இணைப்பார்கள். அண்மைக் காட்சி வேண்டுமானால் அதே பாத்திரத்தின் தலையையும் தோளையும் பெரிதாக வெட்ட வேண்டும்.

வானம், மலை, மாளிகை போன்ற பின்னணிகளுக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய கடதாசிகளைப் பயன்படுத்தினார்கள். ஒரு தாள் உள்ள இடம் வெளிச்சமாகவும், இரண்டு தாள் உள்ள இடம் மங்கலாகவும், மூன்று நான்கு தாள்கள் உள்ள இடம் இருளாகவும் தெரியும். தூரத்து மலைக்கு ஒரு தாள், பக்கத்து மலைக்கு மூன்று தாள். ஆழம் என்பது இவ்வளவுதான். கண்ணாடித் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக இடைவெளிவிட்டு அடுக்கி, பின்னணியையும் பாத்திரத்தையும் வெவ்வேறு தட்டுகளில் வைக்கும் முறையையும் அவர்கள் கையாண்டார்கள். டிஸ்னி நிறுவனம் பின்னர் பெரிய இயந்திரமாகக் கட்டிய முறையின் ஆரம்ப வடிவம் இதுவாகும்.

எங்களை மிகவும் கவர்ந்தது முகமற்ற உருவங்கள் உணர்ச்சியைக் காட்டும் விதம். மாயக் குதிரையில் ஏறிய அஹ்மத், இறங்கும் வழி தெரியாமல் மேலே மேலே போகும்போது அவனுடைய கண்ணை நாம் பார்ப்பதில்லை. முதுகு வளைவதையும் கை குதிரையின் கழுத்தை இறுக்குவதையும் பார்க்கிறோம். பயம் நமக்குள் வந்துவிடுகிறது. அழுகைக்குக் கண்ணீர் கட்டாயமில்லை. தலை எவ்வளவு தாழ்கிறது, எவ்வளவு மெதுவாகத் தாழ்கிறது என்பது போதும்.

கதை யாருடையது?

இப்படத்தைப் பார்த்து முடித்ததும் மகிழ்ச்சியோடு ஒரு சங்கடமும் எனக்கு ஏற்பட்டது. கலீஃபாவின் மாளிகை, மந்திரவாதி, தேவதை பெரி பானு, அலாவுதீன் என எல்லாம் 'ஆயிரத்தோர் இரவுகள்' உலகம். ஆயினும் அது பெர்லினிலிருந்து கற்பனை செய்த கிழக்குலகம். ஆபிரிக்க மந்திரவாதி கூனிய உடலும் கோரமான விரல்களுமாக வெட்டப்பட்டிருக்கிறான். முகம் காட்டாத நிழலிலும்கூட ஒரு மக்களைப் பற்றிய தவறான எண்ணத்தை வெட்டி வைக்க முடியும் என்பது எனக்குப் புதிய பாடம். கத்தரிக்கோலைப் பிடித்திருக்கும் கையின் எண்ணம் வெளிக்கோட்டிலேயே வந்துவிடுகிறது.

கதைகளைத் தேடிச் சென்றபோது இன்னொன்றையும் அறிந்தேன். மாயக் குதிரை, இளவரசர் அஹ்மதும் பெரி பானுவும், அலாவுதீன் ஆகிய மூன்று கதைகளையும் 1709 இல் பாரிஸ் நகரில் அன்ரோன் கலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்குச் சொன்னவர் ஹன்னா தியாப். சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த கிறிஸ்தவ இளைஞர். கலான் அவற்றைத் தமது பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் சேர்த்துக்கொண்டார். புத்தகத்தில் தியாபின் பெயர் இல்லை. அலெப்போவில் பிறந்த ஒருவரின் வாயிலிருந்து பாரிஸின் புத்தகத்துக்கும், அங்கிருந்து பெர்லினின் கண்ணாடி மேசைக்கும் கதைகள் சென்றன. சொன்னவரின் பெயர் மாத்திரம் வழியில் தவறிவிட்டது.

ரைனிகரின் படத்துக்கும் இழப்பு நேர்ந்தது. 1930களில் ஜேர்மனியின் அரசியல் நிலைமை காரணமாக அவரும் கணவரும் வெளியேறினர். எந்த நாட்டிலும் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைக்காமல் நாடு நாடாக அலைந்தனர். உலகப் போரின் இறுதியில் பெர்லினில் அப்படத்தின் மூலப்பிரதி அழிந்துபோனது. லண்டனில் பாதுகாக்கப்பட்ட பிரதியொன்றிலிருந்தே பின்னர் அது மீட்டெடுக்கப்பட்டது. 93 ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் கையால் நகர்த்திய வேலை, எங்கோ ஓர் அலுமாரியில் கிடந்த ஒற்றைப் பிரதியால் தப்பியது. ரைனிகர் 1981 இல் காலமானார். அதுவரையும் அவர் கத்தரிக்கோலைக் கைவிடவில்லை.

நாங்கள் கற்றுக்கொண்டவை

படச்சட்டமொன்றின் கண்ணாடியைக் கழற்றி இரண்டு மேசைகளுக்கு நடுவே வைத்தோம். கீழே ஒரு மின்குமிழ், கண்ணாடியின் மீது வெள்ளை டிசுத் தாள். மேலே புத்தக அடுக்குகளுக்குக் குறுக்கே அடிமட்டத்தை வைத்து அதில் கையடக்கத் தொலைபேசியைக் கட்டினோம். கறுப்புப் பிறிஸ்டல் மட்டையில் தோழி மனிதரையும் நாயையும் வெட்டினாள். கம்பிக்குப் பதிலாக நூல் முடிச்சு. அவளுடைய உம்மா இம்முறை மறுக்கவில்லை. தமது சிறிய கத்தரிக்கோலையே கொடுத்து அனுப்பினார்.

முயற்சி செய்ய விரும்பும் தங்கைகளுக்காக, நாங்கள் தவறுவிட்டுக் கற்றவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, வெளிச்சம் மாறக் கூடாது. முதல் நாள் எடுத்த 40 படங்கள் வீணானது இதனால்தான். யன்னல் திறந்திருந்தது. மேகம் வரும்போதும் விலகும்போதும் தொலைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுத்திருந்தது. ஓடவிட்டபோது மின்னல் வெட்டுவதுபோல் துடித்தது. திரைச்சீலையை மூடி, தொலைபேசியின் தானியங்கும் அமைப்புகளைப் பூட்டிய பின்னரே சரியானது.

இரண்டாவது, கெமரா ஒரு மயிரிழையும் அசையக் கூடாது. விரலால் தொலைபேசியைத் தொட்டுப் படமெடுத்தால் அது அசையும். காதில் மாட்டும் வயரிலுள்ள பொத்தானை அழுத்தி எடுத்தோம்.

மூன்றாவது, எல்லா நகர்வும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. எந்தப் பொருளும் திடீரென முழு வேகத்தில் புறப்படுவதில்லை, திடீரென நிற்பதுமில்லை. நாய் தலையைத் தூக்கும் காட்சியில் முதலில் 1 மில்லிமீற்றர், பின் 2, பின் 4, மீண்டும் 2, கடைசியில் 1 என்று நகர்த்தினோம். அப்போதுதான் தலைக்குப் பாரம் இருப்பதுபோல் தோன்றியது. ஒரே அளவாக நகர்த்தியபோது அது கடிகார முள்ளைப்போல் இருந்தது.

நான்காவது, அசையாமல் இருப்பதையும் படமெடுக்க வேண்டும். மனிதர் நாயைக் கண்டு நிற்கும் இடத்தில் அவசரப்பட்டு 3 படங்கள் மாத்திரம் எடுத்தோம். அவர் கண்டதாகவே தெரியவில்லை. 12 படங்கள் அசையாமல் நின்ற பின்னர்தான் அவர் யோசிப்பது தெரிந்தது. தலையில் ஒன்றும் வரையவில்லை. நாங்கள் கொடுத்தது ஒரு செக்கன் நேரம் மாத்திரமே.

அனிமேஷன் என்ற சொல்லின் வேர் உயிரைக் குறிக்கும் லத்தீன் சொல் என்பர். நமது பாடநூல்களில் வழங்கும் 'அசைவூட்டம்' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப்படுகிறது. உயிர் கொடுப்பவன் அல்லாஹ் ஒருவனே. எங்களால் முடிந்தது மட்டைத் துண்டுகளை 480 தடவை நகர்த்துவதுதான். ஒரு நாய் உண்மையில் எப்படித் தலையைத் தூக்குகிறது, எந்தக் காலை முதலில் வைக்கிறது என்று எங்கள் வீதியில் நின்று பார்த்தபோது, நகர்த்த யாருமில்லாமல் இவ்வளவும் தானாக நடக்கிறதே என்ற வியப்பே மிஞ்சியது. பதினேழு வருடங்களாக நாய்களைக் கண்டிருக்கிறேன். பார்த்தது அன்றுதான்.

படம் முடிந்ததும் முதலில் தோழியின் உம்மாவுக்குக் காட்டினோம். தையல் மெசினை நிறுத்திவிட்டு, தொலைபேசியைக் கையில் வாங்கி ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் கூறாமல் இன்னொரு தடவை பார்த்தார். எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. பிறகு, "எல்லாம் சரி. தாகத்துல சாகப் போற நாய் வாலாட்டுமா புள்ள? குடிச்ச பொறகுதானே ஆட்டும்" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 480 படங்களையும் எடுத்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த நாள் திரைச்சீலையை மூடி, கண்ணாடியை மீண்டும் வைத்து, அந்த 2 செக்கன்களுக்குரிய 24 படங்களையும் புதிதாக எடுத்தோம். கண்காட்சியில் நீங்கள் பார்த்த நாய், தண்ணீரைக் குடித்து முடித்த பின்னர்தான் வாலாட்டியது.